நாற்பது புளியங்கொட்டைகள்

அப்பா,

மேப்பு ஒட்டிய அந்தத் துணியின் வாடை உங்களுக்குத் தெரியும். பாச்சை உருண்டை, பழைய பசை, எலி, அதற்கு மேல் ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனம். இன்று சாயங்காலம் பெரியப்பா தகரப் பெட்டியைத் திறந்து உங்கள் மேப்பை வெளியே எடுத்ததும் வீடு முழுக்க அந்த வாடை வந்துவிட்டது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். சிம்னி விளக்கை நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக் கூடாது. விளக்கு எரிகிற வீட்டைத்தான் போலீஸ் முதலில் தட்டுகிறது. எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். உங்களைப் பற்றி உண்மை எழுதிய ஒரே தாள் சாம்பலாகப் போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். படிப்பிலும் வேலையிலும் நம் ஜனங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சி ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். அண்ணன் கோடாலி பிடித்தான். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிவிட்டு இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த கை அது, அவனை நான் குறை சொல்லமாட்டேன். அவனை ஏவிவிட்டு, விழுந்த மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து பீடி பிடித்த பெரியவர்களைத்தான் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. போலீஸ் வந்தபோது அவர்களில் ஒருவரும் மலைக்கு ஓடவில்லை. அவர்கள் பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பையன்கள் பெயர்தான் எழுதப்பட்டது. பையன்கள்தான் ஓடினார்கள்.

அண்ணனும் அவன் சினேகிதர்கள் இரண்டு பேரும் கல்வராயன் மலைமேல், சின்னப்பொண்ணு அக்கா வீட்டில் இருக்கிறார்கள். கடுக்காயும் தேனும் கொண்டுவந்து நம் தெருவில் விற்கிறாளே, அந்த மலைக்கார அக்கா. நீங்கள் அவளிடம் ஒரு நாளும் பேர் சொல்லிப் பேசியதில்லை, அதனால் பேரைச் சொல்கிறேன். கோமுகி அணைக்குப் பக்கத்தில் போலீஸ் லாரி நிற்கிறது. நாளை மறுநாள் மலை ஏறித் தேடப்போவதாகப் பேச்சு. அதற்குள் பையன்கள் வேறு பக்கமாக இறங்கிவிட வேண்டும்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை.

“மேப்புக்காரர் தடம் இருக்கவே இருக்குது,” என்றார். “தெக்க எறங்கி, சின்னசேலத்துல ரயில புடிச்சிட்டா சேலம். அங்க மாமன் வூட்ல இருந்துக்கட்டும். நாளைக்கு ராத்திரியே எறங்கிடணும்.”

உங்கள் தடம். உங்களை ஊரே மேப்புக்காரர் என்றுதானே கூப்பிட்டது, அதனால் தடத்துக்கும் அந்தப் பேர். அதை நான் ஒரு தாளில் அப்படியே படியெடுக்க வேண்டும். விடிந்ததும் சின்னப்பொண்ணு அக்கா அதைக் கூடையில் வைத்து மேலே கொண்டுபோய் அண்ணனிடம் கொடுப்பாள். அண்ணன் அதைப் பார்த்து இருட்டில் இறங்குவான். விளக்கெண்ணெய் தடவிய தாள் இப்போது மேப்பின் மேல் கிடக்கிறது. அடியில் உங்கள் தடம் பளிச்சென்று தெரிகிறது.

அப்படி ஒரு தடம் இல்லை என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த மேப்பை நான் சின்ன வயசில் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சடித்தது, துணியில் ஒட்டி எட்டாக மடித்தது. மலை முழுக்கப் பழுப்புக் கோடுகள், அறுத்த மரத்தின் வட்டங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று. கீழ் ஓரத்தில் சின்னசேலம் ரயில் பாதை, பூரான் மாதிரி. மேலே, இரும்புக்கல் கிடைக்குமா என்று தோண்டிப் பார்த்த குழிகள். அவற்றை அச்சடிக்கவில்லை, சர்வேக்கு வந்த ஆபீசர் கறுப்பு மசியில் போட்டார். குழிகளிலிருந்து ரயிலுக்குக் கல்லைக் கொண்டுபோகக் குறுக்கு வழி உண்டா என்று தேடி, அவர் புள்ளி புள்ளியாகப் போட்ட பாதைதான் உங்கள் தடம். அச்சுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆபீசருக்கு நல்ல கை.

அந்தச் சர்வேக் கூட்டத்தில் நீங்கள் ஒரு கலாசி. அளவுச் சங்கிலி இழுக்க, கொடி பிடிக்க, கூடாரம் அடிக்க எடுத்த தினக்கூலி ஆள். ஆறு மாதம். இரும்புக்கல் தேறாது என்று அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது, வேண்டாம் என்று போட்ட பழைய மேப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், கூடவே ஒரு காக்கித் தொப்பி. அந்த ஆறு மாதத்தை வைத்து இருபது வருஷம் வாழ்ந்தீர்கள். கல்யாண வீட்டுக்குக்கூட அந்தத் தொப்பியோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள்.

டீக்கடை பெஞ்சில் மேப்பை விரித்து நாலு மூலைக்கும் நாலு கிளாஸ் வைப்பீர்கள். சின்னசேலத்தைச் சுற்றி இப்போதும் ஒரு டீ வட்டம் இருக்கிறது. வரப்புத் தகராறு என்று வந்தவனுக்குக்கூட மேப்பை விரித்தீர்கள். ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கிய மேப்பில் எந்த வரப்பு தெரியும்? விரலை எச்சில் தொட்டு ஏதோ ஒரு கோட்டின் மேல் வைத்து, “கவர்மென்ட்டே சொல்லுது பாரு,” என்றீர்கள். அவனும் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான். ஆயுத பூசைக்கு அரிவாள், மண்வெட்டியோடு மேப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஒரு வருஷம் குங்குமம் சிதறி மலைமேல் விழுந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் நீங்கள் அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டி, அங்கேதான் சுரங்க ஆபீஸ் வரப்போகிறது என்று ஒருவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

ரயில் வரும் என்பது உங்கள் பெரிய பேச்சு. குழியிலிருந்து கல் வரும், கல்லுக்கு ரயில் வரும், ரயிலுக்கு நம் ஊரில் ஸ்டேஷன் வரும். பெரியப்பா தெற்குக் கழனியில் கிணறு வெட்ட ஆட்களைக் கூட்டிவந்த அன்று நீங்கள் போய் மறித்தீர்களாம். “அண்ணே, ஸ்டேஷன் அங்கதான் வருது. கெணறு வெட்டுனா மூடிடுவான்.” அவர் உங்களைவிட மூத்தவர், ஆனாலும் ஆட்களைத் திருப்பி அனுப்பினார். பக்கத்துக் கழனிகளில் எல்லாம் கரும்பு நிற்கிறது. பெரியப்பா கழனியில் இன்றைக்கும் மானாவாரிக் கம்புதான். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. அவர் இன்னும் அந்த இடத்தைக் காட்டும்போது ஸ்டேஷன் கழனி என்றுதான் சொல்கிறார்.

உங்களிடம் நான் கற்ற உருப்படியான பாடம் ஒன்று உண்டு. “கோடு வெலகினா மாடு மேயும். கோடு நெருங்கினா மூச்சு வாங்கும்.” ஒன்பதாம் வகுப்பில் சார் சம உயரக் கோடுகளைப் போர்டில் வரைந்தபோது வகுப்பிலேயே எனக்குத்தான் முதலில் புரிந்தது. வீட்டுக்கு ஓடி வந்து மேப்பை விரித்தேன். அன்றைக்குத்தான் உங்கள் தடத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

“இங்க கோடெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கினு இருக்குதே. இதுமேல தடம் எப்பிடிப்பா போவும்?”

“அதெல்லாம் போவும்.”

“நீ நடந்தியா?”

“நடக்காமயா ஆபீசர் கோடு போட்டாரு? நாலாயிரம் அடி. கொட்டைய எண்ணி அவரு கையில குடுத்தேன்.”

கொட்டை என்றால் புளியங்கொட்டை. சங்கிலி போட முடியாத காட்டுப் பாதையைக் காலடியால் அளப்பீர்கள். சட்டையின் வலது பையில் புளியங்கொட்டைகள். நூறு அடி நடந்தால் ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்ற வேண்டும். கடைசியில் இடது பையை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். “கால் பொய் சொல்லாது, கொட்டையும் பொய் சொல்லாது,” என்பீர்கள். என்னையும் அண்ணனையும் ஏரிக்கரை நெடுக அப்படி எண்ண வைத்திருக்கிறீர்கள்.

நான் விடவில்லை. மறுபடி மறுபடி கேட்டேன். அம்மா பால் ஊற்றப் போன நேரம் பார்த்து, குனிந்து, என் காதில் சொன்னீர்கள். “எவன் அந்தப் பள்ளத்துல எறங்குவான்? ஒரு மாமரத்தடியில ஒக்காந்துக்கினு நாப்பது கொட்டையையும் மாத்திட்டேன். அந்தாளு அதையும் நம்பிக் கோடு போட்டுட்டாரு. யார்கிட்டயும் சொல்லாத.” சொல்லிவிட்டு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. என் அப்பா கவர்மென்ட்டையே ஏமாற்றிய சூரர் என்று நினைத்துச் சிரித்தேன்.

அதற்கப்புறம் மஞ்சள் காமாலை வந்து நாலு மாதத்தில் போய்விட்டீர்கள். பாடையைத் தூக்கும்போது யாரோ ஒருவர், “அவரு போட்ட தடம் இருக்கற வரைக்கும் அவரு பேரு இருக்கும்,” என்றார். அழுதுகொண்டிருந்த நான் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப் சத்தம். விளக்கை ஊதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேலத்தெருப் பக்கம் போய்விட்டது. விளக்கை மறுபடியும் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் நான் சொல்லிப்பார்க்காமல் இல்லை.

“பெரியப்பா, அந்தத் தடத்துல யாராச்சும் போயிருக்காங்களா?”

“இன்னாடி கேள்வி இது. உங்கப்பன் போனான்.”

“வேற யாரும்?”

“வேற எவனுக்கு அந்த நெஞ்சழுத்தம் இருக்குது?”

“இல்ல, அந்த எடத்துல கோடுங்க ரொம்ப நெருக்கமா...”

“ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா அப்பனுக்கே பாடம் எடுப்பியா? செத்த மனுசன். போட்டோவுல மாலை தொங்குது, பாத்துப் பேசு.”

அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தது. உங்களைப் பற்றி அவளிடம் மிச்சமிருப்பது அந்தத் தடம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன வைத்துவிட்டுப் போனீர்கள், ஒரு தொப்பியும் இந்த வாடையும்.

எல்லோரும் படுத்த பிறகு தாளை விரித்தேன். மலை, ஓடை, அணை, ரயில் எல்லாவற்றையும் வரைந்தேன். உங்கள் தடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேற்கே ஒரு மலைமுகடு நீளமாக இறங்குகிறது. அங்கே கோடுகள் நன்றாக விலகி இருக்கின்றன. மாடு மேயும். அங்கே ஒரு வழி இருந்தே தீரும் என்று தோன்றியது. பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், உங்கள் கோட்டுக்குப் பதில் அந்த முகட்டில் புள்ளிகளை வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது, உங்கள் பேரும் கெடாது, அண்ணனும் பிழைப்பான். பென்சில் தாளைத் தொட்டு ஏழு புள்ளிகள் வைத்தும்விட்டேன்.

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நான் அந்த முகட்டில் கால் வைத்ததே இல்லை. அங்கே முள்காடு இருக்கலாம், பாறை பிளந்திருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் தடம் போட்டுக்கொண்டிருந்தேன். அது உங்கள் கை. ரப்பரால் அழித்தேன். எண்ணெய்த் தாளில் ரப்பர் வழுக்கியது, அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழியப் பார்த்தது.

நடந்தவர்களைக் கேட்க வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. நடந்தவள் நம் மாட்டுக் கொட்டகையில்தான் படுத்திருந்தாள். பெரியப்பா தடத்தைப் பற்றி அவ்வளவு பேசியபோதும் அவள் கூடையோடு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. நானும்தான்.

கொட்டகைக்குப் போக இருபது அடிதான்.

“யக்கா. தூங்கறியா?”

“கொசு தூங்க வுட்டாத்தான பாப்பா.”

“மேல குழி வெட்டன பாறைக்குத் தெக்க ஓடை வுழுவுதே, அங்க கீழ எறங்கத் தடம் இருக்குதாக்கா?”

“அங்கயா? தேன் எடுக்க எங்க வூட்டுக்காரரு கவுறு கட்டி எறங்குவாரு. காலு வெச்சி இல்ல, தொங்கிக்கினு. எதுக்குக் கேக்கற?”

“நாளைக்கு ராத்திரி எங்கண்ணன் அங்கதான் எறங்கப் போறான். நீ எடுத்துக்கினு போற பேப்பர்ல அதான் இருக்குது.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“மூணு பொணம்,” என்றாள்.

“பெரியப்பா பேசறப்போ நீ ஏன்க்கா சொல்லல?”

“என்ன யாரு கேட்டா? மேப்புக்காரர் தடம்னாங்க. எங்க மலையில எங்களுக்குத் தெரியாம எந்தத் தடமோ, கவர்மென்ட்டு ராத்திரியோட ராத்திரியா வந்து போட்டுட்டுப் போயிருக்கும்னு நெனச்சிக்கினேன்.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இருபது வருஷத்தில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சரியான பதில் அதுதான்.

வழி இருக்கிறதாம். சீத்தாமரங்கள் இருக்கிற பக்கமாகச் சுற்றி இறங்கினால் தூரம் ஜாஸ்தி, ஆனால் கிழவிகூட இறங்கிவிடுவாளாம். அவளே பையன்களைக் கூட்டிக்கொண்டு போவாளாம். “ஆனா உங்க பெரியப்பன் வாயால சொல்லணும்,” என்றாள். “நானா இஸ்துக்கினு போயி வழியில எதனா ஆச்சின்னா, மலைக்காரி காட்டிக் குடுத்துட்டான்னுதான் சொல்லுவீங்க.”

சொல்வோம் என்று எனக்கும் தெரியும்.

ஆகவே விடிந்ததும் பெரியப்பாவிடம் நான் சொல்லியாக வேண்டும். தாளில் உங்கள் தடத்தைப் போடவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பெரியப்பாவின் கை பெரியது. அதைவிட அம்மாவின் முகத்துக்குத்தான் பயம். நீங்கள் மாலை போட்டுக்கொண்டு சுவரில் சௌகரியமாக இருக்கிறீர்கள். உங்கள் பொய்யைச் சொல்ல வேண்டிய வேலை மட்டும் எனக்கு.

·

ஆறு நாள் கழித்து, அதே நோட்டு. பக்கங்களைக் கிழிக்கவில்லை, மாட்டுத் தவிட்டுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அன்று விடிந்ததும் பெரியப்பா தாளை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தடம் எங்கடி?”

“போடல.”

“ஏன்?”

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “எங்கப்பா அங்க நடக்கல பெரியப்பா. கொட்டைய சும்மா மாத்திக் குடுத்தாரு.”

கையை ஓங்கிவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மாவின் குரல்தான் கேட்டது.

“அடிக்காதீங்க. அவரு நடக்கலதான்.”

அம்மா அடுப்பங்கரை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பாவின் முன்னால் அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. “அளக்கப் போன அன்னிக்கு எப்பவும் வர்ற தடத்துல எறங்கி நேரா வூட்டுக்குத்தான் வந்தாரு. எனக்குக் கல்யாணமாயி நாலு மாசம். களி துன்னுட்டுப் படுத்துக்கினாரு. விடிஞ்சி கெளம்பறப்போ கொட்டைங்கள எடுத்து என் மடியில போட்டாரு. எவ்ளோ மாத்தலாம், நீ சொல்லுன்னாரு. வெளையாட்டுன்னு நெனச்சி நாப்பதுன்னேன். எண்ணி அவரு பையில போட்டதும் நான்தான்.”

ஆக, மாமரமும் பொய். என்னிடம் ஒப்புக்கொண்டபோதுகூட ஒரு மரத்தடியை இட்டுக்கட்டிச் சொன்னீர்கள். மலைமேல் பயந்து உட்கார்ந்திருந்தால்கூட ஒரு மரியாதை உண்டு. நீங்கள் களி தின்றுவிட்டுத் தூங்கினீர்கள். கவர்மென்ட் மேப்பில் ஏறிய நாலாயிரம் அடி, புதுப் பெண்டாட்டி வாயில் வந்த ஒரு எண்.

பெரியப்பா மெல்லக் கீழே உட்கார்ந்தார். வாசலில் கூடையோடு நின்ற சின்னப்பொண்ணு அக்காவை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா. நீ இன்னா சொல்ற?”

அவள் சீத்தாமரத்து வழியைச் சொன்னாள். எங்கே தண்ணீர் இருக்கும், எங்கே உட்கார்ந்து போக வேண்டும், கீழே எந்த ஊர் நாய் குரைக்கும் என்பது வரைக்கும் சொன்னாள். பெரியப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். “நீயே கூட்டிக்கினு போ. என்ன ஆனாலும் உன்ன ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான், நான் இருக்கேன்,” என்றார். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் யாரையும் பார்க்காமல், “அப்போ ரயிலு?” என்று கேட்டார்.

அம்மா உள்ளே போய்விட்டாள். பெரியப்பா தெற்குக் கழனி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். உங்கள் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பில் பாதி அந்த ஒரு கேள்விக்காக.

பின்னால் போய் அம்மாவிடம் கேட்டேன், சாயங்காலமே ஏன் சொல்லவில்லை என்று. “வாய் வரல. ராத்திரி பூரா தூங்கல. நீ அந்தத் தடத்தப் போட்டுட்டா, விடியறதுக்குள்ள எழுந்து பேப்பர கிழிச்சி அடுப்புல போட்டுடலாம்னுதான் கெடந்தேன்,” என்றாள். ஒரே வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பேரும் முழித்துக்கொண்டு ஒரு செத்த ஆளின் மானத்தைக் காவல் காத்திருக்கிறோம். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் எங்களுக்கு இதே வேலைதான்.

தெருமுனை வரைக்கும் சின்னப்பொண்ணு அக்கா பின்னால் ஓடினேன். அம்மாவின் டப்பாவிலிருந்து எண்பது புளியங்கொட்டைகளை எண்ணி ஒரு துணியில் முடிந்து கொடுத்தேன். “எங்கண்ணன எண்ணச் சொல்லுக்கா. அவனுக்குத் தெரியும்.” ஏன் கொடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

ஐந்து நாள் ஒரு தகவலும் இல்லை. போலீஸ் மலை ஏறி இறங்கியது. நம் வீட்டுக்கு இரண்டு தரம் வந்தார்கள். உங்கள் மேப்பை விரித்துப் பார்த்துவிட்டு, “இது இன்னா, ஜோசியமா?” என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். குங்குமத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார். அந்தப் பயத்திலும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

இன்று மத்தியானம் சின்னப்பொண்ணு அக்கா கடுக்காய்க் கூடையோடு வந்தாள். அம்மா கதவைச் சாத்தினாள். அக்கா முந்தானையின் இரண்டு முடிச்சுகளை அவிழ்த்தாள். ஒன்றில் பதிமூன்று கொட்டைகள். இன்னொன்றில் அறுபத்தேழு.

“இருட்டுல அதுங்களுக்குப் பல்லு கிட்டிக்கிச்சி,” என்றாள். “பெரிய கோடாலி தூக்கினவங்களாம். நாந்தான் கொட்டைய எண்ணுங்கடான்னேன். எண்ணற வாய் அழுவாது பாப்பா. மலையடி வர்ற வரைக்கும் உங்கண்ணன் எண்ண எண்ண, பின்னாடி ரெண்டு பேரும் கூடவே சொல்லிக்கினு வந்தானுங்க. நாப்பது கதையத்தான் நான் மேலயே சொல்லிட்டேனே, நாப்பது ஆனதும் நின்னுட்டு சொல்றான், எங்கப்பா கணக்குப்படி நாம ரயில் ஏறிட்டோம்னு. அந்த இருட்டுலயும் அதுங்களுக்குச் சிரிப்பு.”

“ரயில் ஏறினாங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்.”

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அதுவும் நம் வீட்டில் முதல் தடவை.

இருபது வருஷம் நீங்கள் கூப்பிட்டும் வராத ரயிலை, அப்பா, அண்ணன் நடந்து போய்ப் பிடித்துவிட்டான்.

மேப்பை மறுபடியும் பெட்டியில் வைத்தாகிவிட்டது. இந்த ஆயுத பூசைக்கு அதை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொன்னாள். போட்டோவில் மாலை அப்படியே இருக்கிறது. பெரியப்பா தினம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார். நேற்றுக் கிணறு வெட்டுகிற ஆட்களைப் பற்றி விசாரித்தாராம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதினால் அதுவும் ஒரு மாமரத்தடி.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பஸ் இன்னும் ஓடவில்லை, நடந்துதான் போக வேண்டும். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் ரோடு நெடுக நிற்கின்றன, நடுவில் போலீஸ் லாரி. லாரியைத் தாண்டும்போது யாராவது கூப்பிட்டு அண்ணன் எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். நாளையிலிருந்து, அண்ணன் எண்ணிய அறுபத்தேழு கொட்டைகளையும் புத்தகப் பையில் கொண்டுபோகப் போகிறேன். இத்தனை நாள் வெறும் விரலை மடக்கித்தான் எண்ணிக்கொண்டு போனேன். நூறு அடிக்கு ஒன்று. அந்த எண்ணுகிற பழக்கம் உங்களுடையது. தொப்பி, மேப்பு, பேர் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இது ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். எண்ணினால் பயம் போவதில்லை, ஆனால் கால் நிற்பதில்லை.

பள்ளிக்கூடம் வரைக்கும் ஐம்பத்திரண்டு. லாரி நிற்கிற இடம் சரியாக நாற்பதில் வருகிறது. அங்கே தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள்ளேயே நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு அடுத்த அடியை வைக்கிறேன்.